ராஜகுமாரியின் கடிதத்தில் ஒரு தேதி

எங்கள் வீட்டுச் சமையலறைப் பரணில் ஒரு பீங்கான் ஜாடி இருக்கிறது. அதில் ஒட்டிய காகிதத்தில் ‘மாவடு’ என்றும், கீழே தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை என்றும் வரிசையாக எழுதியிருக்கிறது. மாவடு தீர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. ஜாடியைக் கழுவும்போது அந்தக் காகிதம் நனையாமல் என் மனைவி உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். அதை எழுதியவரை மயிலாப்பூரில் எங்கள் சந்து முழுவதும் டீச்சர் என்றே கூப்பிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

பதினெட்டு வயதிலிருந்து டைரி எழுதுகிறவன் நான். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் எந்த பஸ் ஏறினார்கள் எல்லாம் அதில் இருக்கும். சிராத்தத் திதியில் குழப்பம் வந்தால் கோயில் குளத்தைச் சுற்றியிருப்பவர்கள் என்னிடம் வருவார்கள். அந்த டைரிகளை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் இதில் ஒரு தேதியை மட்டும் சொல்லப்போவதில்லை. அந்த நாளின் வரியை ஒரு தரம் வாயால் புரட்டியவன் நான்.

நாங்கள் முன்கட்டில் குடியிருந்தோம். பின்கட்டில் டீச்சர், அவருடைய அண்ணா, அண்ணாவின் மனைவி. அண்ணா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. டீச்சர் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரமும் கையெழுத்தும் சொல்லிக்கொடுத்தார். முப்பது வயது தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை.

அவர் கை பட்ட பொருளில் எங்காவது தேதி இருக்கும். குடைக்கு உள்ளே வாங்கிய தேதி. கஷாய பாட்டிலில் காய்ச்சிய தேதி. அரிக்கேன் விளக்கின் அடியில் திரி மாற்றிய தேதி. யுத்த காலத்தில் ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். பின்கட்டு ஜன்னலில் ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் சாக்கட்டியால் தேதி போட்டிருந்தது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரிகிறதா என்று பார்க்க வந்த வார்டன் அதைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, ஜப்பான்காரன் மேலேர்ந்து படிச்சிக்கினு போவானா?” என்று கேட்டார்.

“படிக்கட்டும். என்னிக்கு வந்தான்னு அவனும் குறிச்சு வெச்சுக்கட்டும்” என்றார் டீச்சர்.

நாற்பத்திரண்டு சித்திரையில் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியானபோது அண்ணா குடும்பத்தோடு கும்பகோணத்துக்குப் போனார். அங்கே அவருடைய பெரியப்பா வீடு. புறப்படுகிற அவசரத்தில் வண்டிக்காரன் கத்திக்கொண்டிருக்க, டீச்சர் மட்டும் உள்ளே திரும்பிப்போய்க் கதவின் உட்பக்கம் பூட்டிய தேதியை எழுதிவிட்டு வந்தார். திரும்பி வந்ததும் அதன் கீழே திறந்த தேதியை எழுதினார். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தார். “அந்த இடத்துல கும்பகோணம் இருக்கு, மன்னி” என்று என் மனைவியிடம் சொன்னார். அந்தப் பெரியப்பா வீட்டில் அவரைக் கொல்லைப்புறத்தைத் தாண்ட விடவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே அவர் கையிலிருந்த வேலை நின்றுபோகும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு பெண்பார்க்கும் நாளில் தெரிந்துகொண்டேன். சாட்சிக்கு ஒரு பெரிய மனுஷர் வேண்டும் என்று அண்ணா என்னையும் உட்கார வைத்திருந்தார். பிள்ளையின் தகப்பனார் ஜாதகத்தைப் பிரித்து, “மூலமாச்சே” என்று உதட்டைப் பிதுக்கினார். பெண் மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். மாமனார் ஆகப்போகிறவர் அவர்தான். காப்பி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிய டீச்சர் நின்றார்.

“அந்த ஜாதகத்தை என்னிக்கு எழுதினான்னு அடியில போட்டிருக்கா, மாமா?”

அவர் புரட்டிப் பார்த்தார். இல்லை.

“நான் பொறந்தப்போ ஆத்துல கடிகாரம் கிடையாது. பால்காரன் வந்துட்டுப் போனப்புறம்னு அம்மா சொன்னா, ஜோசியர் கணிச்சுட்டார். அன்னிக்குப் பால்காரன் சீக்கிரம் வந்தானா, லேட்டா வந்தானா, யாருக்கும் தெரியாது.”

“அப்போ கேட்டையா இருக்கும்கறயா? அது மூத்தாருக்கு ஆகாது. பூராடமும் சிலாக்கியமில்லை.”

“முன்னால தள்ளினா கேட்டை, பின்னால தள்ளினா பூராடம். எங்கே தள்ளினாலும் வம்புதான். ஆனா நிஜமான நேரம் தெரிஞ்சு வம்புன்னா நான் ஒத்துண்டுடுவேன், மாமா. பால்காரனை நம்பித்தான் ஒத்துக்க முடியலை.”

அந்த வரன் அதோடு போயிற்று. அண்ணா இரண்டு நாள் தங்கையோடு பேசவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தங்கைக்கு ஒரு வழி பண்ணும் வரை ஊரார் குழந்தையைக்கூடத் தூக்கிக் கொஞ்சுவதில்லை என்று இருந்தவர். அவருக்குக் குழந்தையும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பலகை எழுத வந்த ஓவியரை நான் ஒரே தடவைதான் பார்த்தேன். விஜயதசமியன்று என் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருந்தேன். வாசலில் ஏணி சாத்தி, ஒருவர் புதுப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். ராயப்பேட்டைக்காரர். அப்பா காலத்தில் கல் அச்சுக்கு உருது எழுதிய முஸ்லிம் குடும்பம். இவர் தமிழ் எழுத்துக்கு வந்து, கடைகளுக்குப் பலகையும் அடையாற்று ஸ்டூடியோ ஒன்றில் படங்களுக்கு டைட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் நன்னா இருக்கு. மூலையில தேதி போட்டுடுங்கோ” என்றார்.

“வேணாம் டீச்சர். தேதி போட்டா போர்டு வயசு தெரிஞ்சுபூடும்.”

“தெரியட்டுமே. போர்டுக்குக் கல்யாணமா பண்ணப்போறோம்?”

அவர் சிரித்ததில் ஏணி ஆடியது. “சிரிக்க வெச்சே சாவடிக்காதீங்க டீச்சர், கீழ சிமெண்டுத் தரை கீது” என்றார். டீச்சர் அவசரமாக ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஏணி ஆட்டம் நின்ற பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தார். அன்றைய டைரியில் பெண்ணைச் சேர்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன். ஏணியைப் பற்றி ஒரு வரி எழுத நினைத்து, விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் ஆவணியில் டீச்சரின் அப்பாவுக்குச் சிராத்தம் வந்தது. மறுநாள் காலை, டீச்சர் அண்ணாவிடம், ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கண்காட்சி வேலைக்குத் தியாகராய நகரில் தன் வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். நான் அலுவலகத்துக்குப் போகிற வழியில் அவரை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அவர் ஏறியது அடையாறு பஸ். எழுதிவைத்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் நேரே எங்கள் கட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி நின்றே பேசினார்.

“மன்னி, யார்கிட்டயும் சொல்லாதீங்கோ. ராஜகுமாரிக்குக் கையெழுத்து என்னோடது.”

ஸ்டூடியோவில் ஒரு சரித்திரப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராஜகுமாரிக்கும் ஓடக்காரனுக்கும் காதல். ராஜா சம்மதிக்கமாட்டார். ராஜகுமாரி ஓடக்காரனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அந்தக் கடிதம் திரை நிறையத் தெரியவேண்டும். ஓலையில் எழுதினால் காமிராவில் தெரியவில்லை என்று காகிதத்துக்கு மாற்றியிருந்தார்கள். எழுதிக் காட்டிய ஆண்களின் எழுத்தெல்லாம் பத்திரம் எழுதுகிறவர் எழுத்து மாதிரி இருந்ததாம். ஓவியர் டீச்சரின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

“ராஜகுமாரி என்னன்னா, கிரீடத்தைக் கழட்டி மடியில வெச்சுண்டு முறுக்குத் தின்னுண்டிருக்கா. எல்லாரும் என் கையையே பார்த்துண்டிருந்தா. ரெண்டு தாளை வீணாக்கிட்டேன். அவர் மட்டும் பக்கத்துல வந்து, ‘நிதானமா எழுதுங்க டீச்சர், ராஜாவூட்டுல இன்னா அவசரம்’னார்.”

அவர் என்றால் யார் என்று என் மனைவி கேட்கவில்லை. டீச்சர் ஊஞ்சலைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு படம் வரும் வரை ஆறேழு மாதமும் அவர் ஒரு இடத்தில் இருந்து நான் பார்க்கவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பார். முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். பிறகு எதன் மேலாவது தேதி எழுதுவார்.

பங்குனியில் படம் லஸ் பக்கத்துக் கொட்டகைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம். அண்ணா சினிமா பார்க்கிறவரில்லை. சரித்திரப் படம், போகலாம் என்று யாரோ ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். கடைசி நிமிஷத்தில் மனைவியையும் அழைத்துக்கொண்டு எங்களோடு கிளம்பினார். டீச்சர் தலைவலி என்று சொல்லிவிட்டார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து, தலைவலி நிஜம் என்றே நினைத்தேன்.

இடைவேளைக்குச் சற்று முன் கடிதம் வந்தது. திரை முழுவதும் டீச்சரின் எழுத்து. எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிகளில் இருக்கும் அதே எழுத்து. அதன் தலையில், வலது பக்கம், வருஷம், மாதம், தேதி, கிழமை.

படம் எடுத்தவர்கள் எப்படி விட்டார்கள் என்று யோசித்தேன். அதில் ஆச்சரியமில்லை. தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வருகிறது. ராஜா காலத்திலும் அந்தப் பெயரில் ஒரு வருஷம் இருந்திருக்கும். கடிதத்துக்குத் தேதி இருந்தால் இன்னும் நிஜமாக இருக்கிறது என்றுகூட நினைத்திருப்பார்கள்.

தரை டிக்கெட்டில் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்வது அப்போது வழக்கம்.

“இன்னா நைனா எழுதிக்கீது?” என்று ஒரு குரல்.

ஒருவர் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மேலேயிருந்து, ஒன்று விடாமல். வருஷத்தைப் படித்தார், மாதத்தைப் படித்தார், தேதியைப் படித்தார்.

“யோவ், பஞ்சாங்கமா கேட்டேன்? விஷயத்துக்கு வா.”

கொட்டகை சிரித்தது. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அண்ணா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குள் கடிதம் மறைந்து ஆறும் ஓடமும் வந்துவிட்டன. இரண்டு பேரும் ஆற்றோடு போகிற முடிவு வரையில் அவர் அசையவில்லை.

மறுநாள் காலை பல் தேய்த்த கையோடு அண்ணா என் கட்டுக்கு வந்தார்.

“ஓய், போன வருஷ டைரியை எடும். படத்துல கடிதத்துக்குப் போட்டிருந்த நாள், அப்பா சிராத்தத்துக்கு மறுநாள்.”

எடுத்தேன். வேறு வழியில்லை.

“அது அவ எழுத்து. நான் கேட்டதுக்கு அவளும் இல்லைன்னு சொல்லலை. அன்னிக்கு தியாகராய நகர் போறேன்னுட்டுப் போனா. அங்கே யாரோ கேட்டு இவ எழுதிக் கொடுத்திருந்தா, போறது, அசட்டுத்தனம், நான் வாயைத் திறக்கலை. ஆனா அடையாறுல ஒரு படம் எழுதறவனோட அவளைப் பார்த்ததா ஒருத்தன் ரொம்ப நாளா சொல்லிண்டிருக்கான். நான் நம்பலை. நீர்தான் யார் எந்த பஸ் ஏறினான்னுகூட எழுதறவராச்சே. அவ அடையாறு போயிருந்தா, நாளைக்கு ரயில்ல கும்பகோணம். வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பெரியப்பா ஆத்தை விட்டு இனி அவ வெளியில வரப்போறதில்லை.”

“நான் எழுதறதுல தப்பு இருக்கலாம்” என்றேன்.

“அப்பா திதிக்கே உம்ம கணக்கைத்தான் நம்பறேன். படியும்.”

என் கண்ணெதிரில் இருந்த வரி: ‘டீச்சர் அடையாறு பஸ் ஏறினார். காலை ஒன்பதே முக்கால்.’ நான் படித்தேன்: “டீச்சர் தியாகராய நகர் பஸ் ஏறினார். காலை ஒன்பதே முக்கால்.”

மணியை ஏன் மாற்றவில்லை என்று எனக்கே தெரியவில்லை. அண்ணா டைரியைக் காட்டச் சொல்லவில்லை. கையை நீட்டக்கூட இல்லை. “நல்லதாப் போச்சு” என்று பெருமூச்சு விட்டு எழுந்து போனார். அவர் காட்டச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

சாயங்காலம் குழாயடியில் டீச்சர் என் மனைவியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார். நன்றி சொல்லப்போகிறார், வேண்டாம் என்று சொல்லவேண்டும் என நினைத்துக்கொண்டேன்.

“டைரி அண்ணா, நீங்க வாசிச்சது எனக்குக் கேட்டுது. டைரியையும் மாத்திட்டேளா?”

“இல்லை. வாயால மட்டும்தான்.”

“காட்டுங்கோ.”

கொண்டுவந்து காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அந்த வரியின் கீழே விரலை ஓட்டினார்.

“கை பழக்கத்துல தானா போட்டுடுத்துன்னுதானே நெனச்சேள்? தெரிஞ்சுதான் போட்டேன். என் ஜாதகத்தை யாரோ எழுதினா. அந்த ஒரு நாளையாவது நானே எழுதி, எங்கேயாவது இருக்கட்டும்னு போட்டேன். உங்க டைரியிலயும் இருக்கும்னு தெரியும். ரெண்டு இடத்துல இருக்குன்னு தைரியமா இருந்தேன்.”

“உங்க அண்ணா பார்த்துடுவார்னு தோணலையா?” என்று என் மனைவி கேட்டாள்.

“எங்க அண்ணா சினிமாவுக்குப் போவார்னு யார் கண்டா, மன்னி?”

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பின்கட்டில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவர் கேட்டிருக்கார். நான் இன்னும் பதில் சொல்லலை. நாளைக்குக் கும்பகோணம்னா பதில் சொல்ல வேண்டியே இருந்திருக்காது. நீங்க எனக்காகத்தான் பொய் சொன்னேள், தெரியறது. ஆனா இனிமே எங்க அண்ணா உங்ககிட்ட திதி கேட்டா, அவருக்கு என்ன சொல்றதுன்னு நீங்க யோசிக்கணுமே.”

டைரியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் எங்கள் கட்டில் நுழைந்து, இந்த ஜாடியை என் மனைவியிடம் கொடுத்தார். “இந்த வருஷ வடு, மன்னி. ஊறட்டும், அவசரப்படாதீங்கோ.” காகிதத்தில் அன்றைய தேதி இருந்தது. வடு போட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்கும். போட்ட தேதியை விட்டு அன்றைய தேதியை ஏன் எழுதினார் என்று என் மனைவி சாயங்காலம்தான் கேட்டாள். அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. டீச்சர் திரும்பவில்லை. ராயப்பேட்டையிலும் அந்த ஓவியர் இல்லை.

அண்ணா என்னை ஒன்றும் கேட்கவில்லை. டைரியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அந்த வருஷ ஆவணியில் சிராத்தத்துக்குப் புரோகிதரைக் கேட்டு நாள் வைத்துக்கொண்டார். முற்றத்தில் எதிர்ப்பட்டால் குழாயைப் பார்த்தபடி போவார். காலமும் நன்றாக இல்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்டு சாவதாக வடக்கேயிருந்து பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு பேரும் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறார்களோ என்று காலையில் பத்திரிகையைப் பிரிக்கவே எனக்குக் கை வராது. டீச்சரைக் கும்பகோணத்துக்கே அனுப்பியிருந்தால் உயிராவது நிச்சயம் என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு கடிதம் வந்தது. என் மனைவிதான் தபால்காரரிடம் வாங்கினாள். உறையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, “தபால் முத்திரையைப் பார்க்கணுமா?” என்று கேட்டாள். பார்க்கவேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. வேண்டாம் என்றேன். கடிதத்தை எடுத்துக்கொடுத்துவிட்டு உறையை அடுப்பில் போட்டாள்.

‘டைரி அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். இருவரும் சௌக்கியம். இங்கேயும் குழந்தைகளுக்கு எழுத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் பலகை எழுதுகிறார். என் தொந்தரவு தாங்காமல் மூலையில் தேதி போடுகிறார். இந்தக் கடிதத்தில் ஊரும் தேதியும் போடவில்லை. எங்கள் அண்ணா கேட்டால் இந்தத் தடவை நீங்கள் உள்ளதை உள்ளபடியே சொல்லலாம்.’

அண்ணா கேட்டார். தபால்காரர் எங்கள் கட்டில் நின்றதை அவர் மனைவி பார்த்திருக்கிறாள்.

“சேதி உண்டா?”

“சௌக்கியமாம்.”

“எங்கே இருக்காளாம்?”

“தெரியாது. போடலை.”

“என்னிக்கு எழுதினா?”

“தேதி போடலை.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறேழு மாதத்தில் அதுதான் முதல் தடவை. “அவளா? அவ தேதி போடலையா? நீர் இதுக்கு நம்பும்படியா வேற ஏதாவது சொல்லியிருக்கலாம் ஓய்.”

கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். படித்தார். தாளைத் திருப்பினார். மறுபடி முன்பக்கம் திருப்பி, தேதி இருக்கவேண்டிய மூலையைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு என்னிடமே கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டு முற்றத்தைக் கடந்து போனார்.

சுதந்திரம் வந்த அடுத்த வாரம். தெருவெல்லாம் காகிதக் கொடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணா என் கட்டு வாசலில் வந்து நின்றார். புரோகிதர் ஒரு நாள் சொல்கிறார், பஞ்சாங்கம் வேறு நாள் சொல்கிறது என்றார். “போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அப்பா சிராத்தம் என்னிக்குப் பண்ணினோம்? எந்தப் பஞ்சாங்கத்தை அனுசரிச்சோம்? பார்த்துச் சொல்லும்.”

டைரியை எடுத்தேன். பக்கத்தைப் பிரித்தேன். இடது பக்கம் சிராத்தம். வலது பக்கம் மறுநாள். படித்துச் சொல்லிவிட்டு மூடிவிடலாம். அவர் எப்போதும் போலக் கையை நீட்டாமல் காத்திருந்தார்.

விரித்த டைரியை அப்படியே அவர் கையில் கொடுத்தேன்.

அவர் இடது பக்கத்தைப் படித்தார். கண் மெதுவாக வலது பக்கம் போயிற்று. ‘அடையாறு’ என்ற சொல்லில் நின்றது. தெருவில் யாரோ காகிதக் கொடியைக் கிழித்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

“ஒன்பதே முக்கால்” என்றார்.

“ஆமாம்.”

டைரியை மூடி என்னிடம் கொடுத்தார். “சரி ஓய். உம்ம கணக்குப்படியே பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.